இரண்டு ஆறாம் லயங்கள்

நமுனுகுல மலைக்குக் கீழே ஒரு தோட்டத்தில் மழை அளக்கும் பெட்டிகள் இரண்டை நான் பார்த்துக்கொள்கிறேன். தோட்டத்தின் பெயரை எழுதப்போவதில்லை. ஒரு பெட்டி மேற்கணக்கில் இருக்கிறது, மற்றது கீழேயுள்ள பணியக்கணக்கில். தோட்டத்தின் பிரிவைத்தான் அங்கே கணக்கு என்பார்கள். மழை ஓர் அளவைத் தாண்டினால் பெட்டி சங்கு ஊதும். சங்கு கேட்டதும் மண்மேட்டின் அடியில், லயம் எனப்படும் வரிசை வீடுகளில் இருக்கும் சனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பாடசாலைக் கட்டடத்துக்குப் போய்விட வேண்டும். பெட்டிக்கு வேறு வேலை கிடையாது.

பதுளையில் கணினி கற்பிப்பது என் தொழில். பெட்டி வேலை விடுமுறை நாட்களில். பெட்டிக்குள் உள்ளங்கையளவு கணினி ஒன்று உண்டு. அதன் இயங்குதளத்தின் கருவான கெர்னலை மழைமானிக்கு ஏற்றபடி சிறிது மாற்றி, வீட்டில் உருவாக்கி எடுத்துப் போவேன். மழைமானி என்பது நிறைந்ததும் கவிழும் ஒரு சிறு கிண்ணம். மேற்கணக்கின் மானி ஒரு கவிழ்வுக்கு இரண்டு துடிப்பு அனுப்பும். ஆகவே அதற்கான கெர்னல் இரண்டை ஒன்றாக எண்ணும். பணியக்கணக்கின் மானி ஒரே துடிப்புதான் அனுப்பும். கெர்னலின் பதிப்பு எண்ணுக்குப் பின்னால் நமக்கு வேண்டிய பெயரைச் சேர்க்கலாம். பெட்டி எந்த லயத்தருகே இருக்கிறதோ அந்த லயத்தின் எண்ணைக் கையால் எழுதிச் சேர்த்தேன். பிறகு நோட்டில் திகதி, நேரம், பெயர் மூன்றையும் பதிந்தேன்.

மேற்கணக்குப் பெட்டி ஆறாம் லயத்தருகே இருந்தது. சில மாதம் கழித்து வைத்த பணியக்கணக்குப் பெட்டியும் ஆறாம் லயத்தருகேதான். ஒவ்வொரு கணக்கிலும் லயங்களை ஒன்றிலிருந்து எண்ணுவார்கள். நான் பிறந்ததே ஸ்பிரிங்வெளிப் பக்கத்து லயமொன்றில். எனக்கு இது தெரியாததல்ல. ஆனாலும் இரண்டு கெர்னல்களுக்கும் ஒரே பெயர் விழுந்தது. பணியக்கணக்குப் பெட்டிக்குள் நான் ஏற்றியது மேற்கணக்கின் கெர்னலை. ஏற்றிய பின் பெயரைக் கேட்டேன். ஆறாம் லயம் என்று கணினி பதில் சொன்னது. நோட்டில் ‘சரி’ போட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

ஐப்பசியில் ஒரு நாள் பிற்பகல் மூன்று மணிக்குப் பணியக்கணக்கிலிருந்து தொலைபேசி வந்தது. பேசியவர் அங்கே கொழுந்தெடுக்கும் பெண்; பெட்டியைப் பார்த்துக்கொள்பவரும் அவர்தான்.

“சார், வானம் பொத்துக்கிட்டு ஊத்துது. பெட்டி கம்முன்னு கெடக்கு. நாங்க இருக்கவா, போகவா?”

வீட்டிலிருந்தபடியே பெட்டியோடு தொடர்பெடுத்தேன். பெயர் நோட்டோடு பொருந்தியது. மழை எல்லைக்கு நிறையக் கீழே இருந்தது.

“அளவு தாண்டலீங்க. இருங்க,” என்றேன்.

“கான்ல தண்ணி செவப்பா வருதே சார்.” மேட்டிலிருந்து வரும் வடிகாலைச் சொன்னார்.

“பேரு பொருந்துது, பெட்டி சரியாத்தான் இருக்கு. சங்கு ஊதுனா போங்க.”

நாற்பது நிமிடத்தில் மேடு சரிந்து லயத்தின் கோடியிலிருந்த வீட்டுக் காம்பிராவின் அடுப்படியை மூடியது. அந்த வீட்டுப் பெண் பிறந்து இருபது நாளான குழந்தைக்கு வெந்நீர் வைத்துவிட்டு, அழுகை கேட்டு முன்பக்கம் போயிருந்தாள். அதனால் தாயும் பிள்ளையும் இன்று இருக்கிறார்கள். சங்கு அப்போதும் ஊதவில்லை.

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. முதல் பஸ்ஸில் போனேன். அடுப்படி இருந்த இடத்தில் மண்ணும் ஒரு தேயிலைச் செடியும் இருந்தன; செடி வேரோடு நின்றது. பெட்டியைத் திறந்து, போத்தல் தண்ணீரைக் கிண்ணத்தில் மெதுவாக ஊற்றினேன். பத்து முறை கவிழ்ந்தது. கணினி ஐந்து என்றது. மறுபடி ஊற்றினேன். மறுபடியும் ஐந்து. முந்தின நாள் பெய்த மழையில் பாதியைத்தான் அது கண்டிருக்கிறது. காரணம் புரிய எனக்கு அதற்குமேல் நேரம் ஆகவில்லை.

லயத்து முன்னால் எல்லாரும் நின்றார்கள். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். இரண்டு பெட்டிக்கும் ஒரே பெயர் வைத்தேன், ஒன்றுக்குரியதை மற்றதில் ஏற்றியதில் ஆள் மாறிவிட்டது, இருங்கள் என்று சொன்னதும் நான்தான் என்றேன். குழந்தையின் தகப்பன் என்னைப் பார்க்காமல் மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் ஒருவர் முதலில் பேசினார். “எங்க கணக்குல ஒரே பேர்ல நாலு பேரு இருக்காங்க சார். பேர் பதியிற செக்ரோல்ல ஆளுக்கொரு நம்பரு. தொரைக்கு ஒருநாளும் ஆள் மாறுனதில்ல. படிச்ச ஒங்களுக்கு மாறிருச்சு.”

இரண்டொருவர் சிரித்தார்கள். பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் பெண் சிரிக்கவில்லை.

“நான் கான் தண்ணியச் சொன்னேன். நீங்க பேரச் சொன்னீங்க,” என்றார்.



அந்த வாரம், பெயரிடும் வேலையை என் கையிலிருந்து எடுத்துவிட்டேன். கெர்னலை உருவாக்கத் தொடங்கியதும் ஒரு சிறு நிரல் தானே பெயர் வைக்கும்: இரண்டில் எந்தப் பெட்டி, என்ன திகதி, நொடி வரைக்கும் நேரம், கடைசியில் மூலநிரலிலிருந்து கணித்தெடுக்கும் எட்டு எழுத்து. மூலத்தில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த எட்டும் மாறும். மாற்றத்தைப் பதியாமல் அவசரத்தில் உருவாக்கினால் பெயரின் வாலில் ஒரு குறி ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்டதைப் பெட்டி ஏற்காது. ஒரு பெயர் இரண்டாம் தடவை வராது. பிறகு இரண்டு பெட்டிகளுக்கும் புதிதாக உருவாக்கி ஏற்றி, இரண்டிலும் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். பத்துக்குப் பத்து.

பெட்டியின் முகப்பில் அந்தப் பெயர் தெரியும்படி சிறு திரை வைக்கச் சொன்னவர் அந்தப் பெண்தான். இங்கிலீஷ் எழுத்தை அவர் ஒவ்வொன்றாகக் கூட்டித்தான் வாசிப்பார்.

போன வாரம் மழை பிடித்ததும் அழைத்தார். எட்டு எழுத்தையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். நோட்டில் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். எல்லாம் பொருந்தின. மழையும் எல்லைக்குக் கீழேதான் இருந்தது.

“சரியா இருக்குங்க. அளவும் தாண்டல,” என்றேன்.

“சரி சார். பெட்டி பாட்டுக்கு இருக்கட்டும். நாங்க எதுக்கும் ஸ்கூலுக்குப் போறோம்.”

பின்னால் குழந்தை அழும் சத்தமும், யாரோ பாய் சுருட்டச் சொல்லும் சத்தமும் கேட்டன.

“போங்க,” என்றேன். “பார்த்துப் போங்க.”