மேற்குச் சன்னலுக்குக் கீழே ஒரு மேசை

ஜனவரி 19, ஞாயிறு. மாலை 4.40 மணிக்கு என் மனைவி மருத்துவமனையில் காலமானார். வயது அறுபத்தேழு. உடனிருந்தவர்கள்: நான், மகள்.

ஜனவரி 20, திங்கள். பாலாற்றங்கரையில் தகனம்.

மார்ச் 2, ஞாயிறு. மகள் சென்னையிலிருந்து வந்தாள். ஆம்பூர் வீட்டைத் தனியொருவர் வாழத்தக்கதாக மாற்றி அமைப்பது, அல்லது நான் சென்னைக்குச் செல்வது என இரண்டு வழிகளைச் சொன்னாள். முதலாவதற்கு ஒப்புக்கொண்டேன்.

ஏப்ரல் 12, சனி. வீட்டின் உட்புறத்தை வடிவமைப்பவர் வந்து அறைகளை அளந்தார். இரண்டு மணி நேரம்.

ஏப்ரல் 26, சனி. அவர் கேட்ட படத்தை வரைந்து கொடுத்தேன்.

மே 5, திங்கள். காலை 9 மணிக்கு வேலை தொடங்கியது. 10.15க்கு நிறுத்தப்பட்டது.

நடந்தவை இவ்வளவே. ஆய்வகப் பதிவேட்டில் இப்படித்தான் எழுதிப் பழகியிருக்கிறேன்: தேதி, செயல், விளைவு. நான் வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றவன். முப்பத்தோரு ஆண்டுகள் ஒரு தோல் தொழிற்சாலையின் ஆய்வகத்துக்குப் பொறுப்பாக இருந்தேன். பதிவேட்டின் கடைசியில் ‘கருத்துரை’ என்றொரு பத்தி உண்டு. அதைக் காலியாக விடுவதே என் வழக்கம். இம்முறை அதை நிரப்ப வேண்டியிருக்கிறது.

வடிவமைப்பாளர் முப்பது வயதைத் தாண்டாத பெண். வேலூரில் சொந்தமாக அலுவலகம் வைத்திருக்கிறார். சுவரின் நிறத்தில் தொடங்கித் திரைச்சீலையில் முடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவரோ அளவெடுத்து முடிந்ததும் கூடத்துத் தரையில் அமர்ந்து, வீட்டின் வெற்று வரைபடம் ஒன்றை என் முன்னால் விரித்தார். அதன் மேல் இரண்டு பென்சில்களை வைத்தார். ஒன்று நீலம், மற்றது சிவப்பு.

“காலைல எந்திரிச்சதுல இருந்து வீட்ல எங்கெங்க நடக்கறீங்க, எங்க உக்கார்றீங்க, எல்லாத்தையும் நீலத்துல போடுங்க சார்.”

“சிவப்பு?”

“அம்மாவுக்கு. அவங்க இருந்தப்ப எப்டியோ அப்டி.” என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தார். “உங்க ஒருத்தருக்குன்னே வீட்டப் பண்ணிட்டேன்னா, ஒரு மாசத்துல லாட்ஜ்ல தங்கின மாதிரி ஆயிடும். அவங்க எடம் ஒண்ணாவது அப்படியே இருக்கணும். உங்க பொண்ணும் அதான் கேட்டாங்க.”

“நான் சொல்ற இடத்தைத் தொடமாட்டீங்களா?”

“ஒரு ஆணிகூட அடிக்க மாட்டேன். மீதிய என் இஷ்டத்துக்கு ஒடைப்பேன், அப்ப கோச்சுக்கக் கூடாது. அதனால கரெக்டா சொல்லிடுங்க சார். மாத்திச் சொல்லிட்டு அப்புறம் வருத்தப்பட்டா, ஒடைச்சது ஒடைச்சதுதான்.”

நியாயமான ஏற்பாடு. நீலக் கோட்டை அரை மணி நேரத்தில் வரைந்து முடித்தேன். சிவப்புப் பென்சிலை எடுக்கப் பத்து நாட்கள் ஆயின. எடுத்தபின் யோசிக்கவில்லை. சமையலறையிலிருந்து கூடத்தின் மேற்குச் சன்னல்வரை ஒரு கோடு இழுத்து, சன்னலுக்குக் கீழே இருக்கும் மேசையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன். அவள் ஆசிரியை. அந்த மேசையை நோட்டுத் திருத்துவதற்கென்று நான்தான் அவளுக்கு வாங்கிக் கொடுத்தேன். வேறு எந்த இடத்தைக் குறிப்பது?

இந்த வீட்டின் மனையைப் பார்க்க நான் போனது ஒரு வெள்ளிக்கிழமை. எங்கள் பக்கத்துத் தோல் தொழிற்சாலைகளுக்கு வெள்ளிதான் வார விடுமுறை. அவளுடைய பள்ளிக்கு ஞாயிறு. எங்கள் இல்லறத்தில் இருவருக்கும் ஒரே நாளில் விடுமுறை என்பது பண்டிகைகளில் மட்டுமே வாய்த்தது. அதனால் மனையைப் பார்க்கும் பொறுப்பு என்னுடையதாயிற்று. மேற்கே, ஒரு காலி நிலத்துக்கு அப்பால், பச்சைத் தோலைச் சுண்ணாம்பில் ஊறவைக்கும் கூடம் ஒன்று இருந்தது. விடுமுறையாதலால் அன்று தோலை அலசும் டிரம்கள் சுழலவில்லை. மனையின் நடுவில் நின்று மூச்சை ஆழ இழுத்துப் பார்த்தேன். நான்கு மூலைகளிலும் அவ்வாறே செய்தேன். மாலையில் அவளிடம் வந்து, வாடை எதுவும் இல்லை என்று அறிவித்தேன்.

“நீங்க சொன்னா சரி. உங்க சப்ஜெக்ட் ஆச்சே,” என்றாள்.

சுண்ணாம்புக் கூடத்திலிருந்து எழும் சல்ஃபைடு வாயு முதலில் மரத்துப்போகச் செய்வது மூக்கைத்தான். ஆகவே அங்கே நுழைகிறவர்கள் தங்கள் மூக்கை நம்பக் கூடாது. புதிதாகச் சேரும் தொழிலாளர்களுக்கான பாதுகாப்பு வகுப்பில் இதை ஆண்டுதோறும் நான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். சொல்லிக்கொடுத்த அதே மூக்கை நம்பி வீடு கட்டினேன்.

குடிவந்த ஆண்டிலேயே மேசை வந்தது. தேக்கு, இரண்டு பக்கமும் இழுப்பறைகள். மாலை நான்கரை மணிக்கு அவள் பள்ளியிலிருந்து திரும்பும்போது நல்ல வெளிச்சம் மேற்குச் சன்னலில்தான் விழும் என்று பார்த்துவைத்து அதன் கீழே போட்டேன். அவள் மேசையின் விளிம்பை ஒரு முறை தடவினாள்.

“என்னைப் பிரின்சிபால் ஆக்கிட்டீங்க. இனிமே யாராவது வந்து எனக்கு வணக்கம் வெச்சாத்தான் உண்டு.”

அடுத்த ஆண்டு மழைக்குப் பிறகு அந்தச் சன்னல் திறக்க வரவில்லை. மரம் உப்பிவிட்டது என்றாள். கண்ணாடி வழியாக வெளிச்சம் வருகிறதே, விடுங்கள் என்றாள். விட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமைகளில் வீட்டில் தனியாக இருக்கும்போது நான் அங்கே அமர்ந்து ஆய்விதழ்கள் படிப்பேன். நாளடைவில் மேசைமேல் என் தாள்கள் சேர்ந்தன. உன் இடத்தை எடுத்துக்கொண்டேனோ என்று ஒரு முறை கேட்டேன். “எனக்கு வேற எடமா இல்ல?” என்றாள். பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டேன்.

வேலை நாட்களில் நான் முன்வாசல் வழியாக வீட்டுக்குள் வந்ததில்லை. தோல் கூடங்களில் வேலை செய்கிறவர்கள் பலரும் அப்படித்தான்: பின்வாசலில் நுழைந்து, உடையைக் களைந்து, குளித்து, அதன் பின்பே வீடு. எங்கள் வீட்டில் சமையலறைக்கும் பின்வாசலுக்கும் நடுவே ஆறடி நீளமும் நான்கடி அகலமும் கொண்ட ஓர் இடைவழி இருக்கிறது. குளியலறையும் அதை ஒட்டியே. ஆறரை மணிக்கு ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுக் கதவைத் தட்டக் கை ஓங்குமுன் தாழ்ப்பாள் விலகும். அவள் நின்றுகொண்டிருப்பாள். ஆணியில் துண்டு தொங்கும். உள்ளே வெந்நீர் வாளி.

“டாக்டரு இன்னிக்கு எத்தன ஆடு பாத்தாரு?”

“எண்ணல.”

“எண்ணத் தெரியாதவருக்கெல்லாம் பட்டம் குடுத்துடறாங்க.”

இருபத்திரண்டு ஆண்டுகள் ஏறக்குறைய இதே சொற்கள். நான் குளிக்கப் போவேன். சிரித்துக்கொண்டே போனேன் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கும் என நம்புகிறேன்.

நாங்கள் இருவரும் ஓய்வு பெற்றபின், காலணித் தொழிற்சாலையில் தையல் பிரிவில் இருக்கும் பெண்கள் சிலருக்கு அவள் பாடம் சொல்லிக்கொடுத்தாள். பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வர்களாக எழுத முயன்றவர்கள். அவர்களும் மாலையில் பின்வாசல் வழியாகவே வருவார்கள். நான் கூடத்தில் மேசையில் இருப்பேன். கதவு திறக்கப் போயிருக்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன். அதற்குள் மேற்கே இருந்த தோல் கூடமும் மூடப்பட்டிருந்தது. இப்போது அங்கே தொழிலாளர்களை ஏற்றிவரும் பேருந்துகள் நிற்கின்றன.

என் படத்தைக் கொண்டு வடிவமைப்பாளர் போட்ட திட்டம் தெளிவாக இருந்தது. மேசையும் சன்னலும் தொடப்படமாட்டா. இடைவழியின் சுவரை இடித்துச் சமையலறையோடு சேர்ப்பது, பின்வாசலை அடைத்துவிடுவது. இப்போது குளியலறையைத் தாண்டிப் பின்வாசல் பக்கம் யாரும் நடமாடுவதில்லை என்று நீலக் கோடே சொல்கிறது. திட்டத்தையும் என் படத்தையும் சேர்த்துக் கூடத்துச் சுவரில் ஒட்டிவைத்தார்.

மே 5 காலையில் கொத்தனாரும் தச்சரும் வந்தார்கள். கொத்தனார் இடைவழியில் சுவரின் பூச்சைத் தட்டத் தொடங்கினார். தச்சர் கூடத்தில் உளியைத் தீட்டிக்கொண்டிருந்தார். வீடு கட்டிய நாள் முதல் எங்களிடம் வேலை பார்க்கும் அம்மாள், துடைப்பத்துடன் கூடத்துக்கு வந்து சுவர்ப் படத்தின் முன்னால் நின்றார்.

“இது இன்னா சார்?”

“நம்ம வீடு. நீலம் நான் நடக்கற இடம். சிவப்பு டீச்சர்.”

அவர் என் மனைவியை அப்படித்தான் அழைப்பார். படத்தில் சிவப்பைத் தேடி விரலால் தொடர்ந்து போய் வட்டத்தில் நின்றார்.

“இங்க எதுக்கு ரவுண்டு?”

“அங்க உக்காந்துதானே நோட்டுத் திருத்துவாங்க.”

“யாரு, டீச்சரா? அந்த மேசைல அவங்க ஒரு காப்பி டம்ளர் வெச்சுகூட நான் பாத்ததில்ல சார்.”

“பின்ன எங்க?”

அவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். தச்சரைப் பார்த்தார். “மேஸ்திரி, கையில உளி இருக்குதில்ல? அந்த ஜன்னலத் தொறங்க மொதல்ல.”

“அது மரம் உப்பிப்போய் நிக்குது,” என்றேன்.

“இத்தன வருசமாவா? இன்னா மரம் சார் அது, ஏரிக்குள்ள கெடக்குதா?”

தச்சர் சிரித்துக்கொண்டே எழுந்து போனார். வலது கதவின் ஓரத்தில் உளியை வைத்தவர் சிரிப்பை நிறுத்தினார். “உப்பல சார். ஸ்க்ரூ போட்டு மூடியிருக்காங்க. சுத்தி இடுக்குல ஏதோ வெச்சு அடைச்சிருக்குது.” திருகாணிகளைக் கழற்றி, கதவை நெம்பி, சட்டத்திலிருந்து ஒரு பட்டையை உருவி என்னிடம் நீட்டினார். “தோலு.”

ஆட்டுத் தோல், காலணியின் உட்புறத்துக்கானது, பழுப்பு. ஒரு விரல் அகலத்துக்கு நேராக வெட்டப்பட்டிருந்தது. முனையில், மாதிரித் துண்டுகளைக் கோத்துவைக்கும் வளையத்துக்கான துளை. பின்புறத்தில் பந்துமுனைப் பேனாவால் தொகுதி எண்ணும், அதன் கீழே ‘தேறவில்லை’ என்ற சொல்லும் எழுதப்பட்டிருந்தன. கையெழுத்து என்னுடையது. நிராகரித்த மாதிரித் துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லி அவள் கேட்டதுண்டு. பள்ளிப் பிள்ளைகளின் கைவேலைக்கு என்று எண்ணியிருந்தேன்.

“ஆடி மாசம் காத்து அந்தப் பக்கம் இருந்துதான வரும்,” என்றார் அம்மாள். “டீச்சருக்குச் சோறு எறங்காது. நீங்க ஃபேக்டரிக்குப் போனப்புறம் ஆளக் கூட்டியாந்து அடைச்சாங்க. அப்பவும் கூடத்துல வரும். ஒரு ஞாயித்துக்கெழம நானும் அவங்களும் ஒவ்வொரு ரூமா போயி மோந்து மோந்து பாத்தோம். பின்னாடி அந்தச் சந்துலதான் கம்மியா இருந்துச்சு. பலகையப் போட்டு உக்காந்துட்டாங்க.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“நானும் கேட்டேன். ‘நாலு மூலைலயும் நின்னு பாத்து வாங்கினாரு, இப்ப சொன்னா மனுசன் டெஸ்ட்டு மேல டெஸ்ட்டு போடுவாரு’ன்னாங்க. அவருக்கு முன்னாடி அவரு மூக்கு ரிட்டயர் ஆயிடுச்சுன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க.”

தோல் கூடம் மூடிய பிறகு ஏன் இடம் மாறவில்லை என்று கேட்டேன். “பழகிடுச்சு. அப்புறம் அங்கதான் சார் உங்க வண்டி சத்தம் மொதல்ல கேக்கும்.” பிறகு திருத்திக்கொண்டார். “கேட்டுச்சு.”

பின்பக்கத்தில் பூச்சு உதிரும் ஓசை வந்துகொண்டிருந்தது. நான் போய்க் கொத்தனாரை நிறுத்தச் சொன்னேன். கையகலத்துக்குச் செங்கல் தெரிந்தது. அதற்குக் கீழே, தரையில் அமர்ந்தால் முதுகு படும் உயரத்தில், சுண்ணாம்பு மினுமினுப்பாகத் தேய்ந்திருந்தது. பக்கத்தில் சிவப்பு மைப் புள்ளிகள், பத்துப் பதினைந்து இருக்கலாம். பேனா எழுதாதபோது உதறும் பழக்கம் அவளுக்கு உண்டு. மேலே தட்டில் நான்கு நோட்டுகள் இருந்தன.

நாள்தோறும் கதவைத் திறப்பதற்காக அங்கே வந்து நின்றவள் என்று நினைத்திருந்தேன். அவள் அங்கேயே இருந்தவள். எனக்காக எழுந்து மட்டும் நின்றிருக்கிறாள்.

வடிவமைப்பாளரைத் தொலைபேசியில் அழைத்தேன்.

“தப்பாச் சொல்லிட்டேன்மா. அவங்க இடம் பின்பக்கம்.”

“ஐயோ. ஒடைச்சிட்டாங்களா சார்?”

“ஒரு கையகலம்.”

“பூசிடச் சொல்லட்டுமா? தெரியாம பண்ணிடலாம்.”

“வேணாம். அப்படியே இருக்கட்டும்.”

“சரி சார். அப்ப அந்த மேசை?”

“அது என்னோடது. எங்க வேணும்னாலும் போடுங்க.”

கூடத்துக்குத் திரும்பியபோது சன்னலின் வலது கதவு திறந்திருந்தது. காற்று வந்து சுவரிலிருந்த படத்தின் கீழ் நுனியைத் தூக்கிக்கொண்டிருந்தது. வாடை வருகிறதா என்று அம்மாளைக் கேட்டேன்.

“ஒண்ணும் வரல சார். பஸ்ஸு பொகைதான்.”

நானும் மூச்சை ஆழ இழுத்துப் பார்த்தேன். அதன் முடிவை இங்கே பதிவு செய்வதில் பயனில்லை.

செய்யாமல் நிற்பவை:

மேற்குச் சன்னலின் இடது கதவு. திருகாணிகளும் தோல் பட்டைகளும் இன்னும் உள்ளேயே இருக்கின்றன.

படத்தில் சிவப்புக் கோட்டை அழித்துச் சரியாகப் போடுவது.

நான்கு நோட்டுகளை உரிய பெண்களிடம் சேர்ப்பது. இரண்டில் திருத்தம் பாதியில் நிற்கிறது.

அவள் அமர்ந்த பலகையைத் தேடுவது.

பின்வாசல் வழியாக ஒரு முறை வீட்டுக்குள் வருவது.