நசுங்காத எலுமிச்சம்பழம்

பல வருடம் ஓட்டிய கனமான குரூசர் மோட்டார் சைக்கிளை விற்றுவிட்டு ஆயிரம் சிசி ஸ்போர்ட் மோட்டார் வாங்கினேன். மனைவி, "பூஜை போட்டுட்டு ஓட்டுங்க" என்றாள், அவ்வளவுதான்.

பிரிக்பீல்ட்ஸ் கோயில் வாசலில் குருக்கள் சூடம் காட்டி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, "ஏத்துங்க தம்பி" என்றார். அதற்குள் பழம் உருண்டுவிட்டது. அதை எடுத்து வைக்க மனைவி குனிந்ததை நான் பார்க்கவில்லை. என் கண் மீட்டரில் இருந்தது. "இருங்க, இருங்க" என்று அவள் சொன்னது சைலன்சர் இரைச்சலில் கேட்கவில்லை. பழைய பழக்கத்தில் ஆக்சிலேட்டரைத் தாராளமாக முறுக்கி கிளட்சை விட்டேன். குரூசர் என்றால் உறுமிக்கொண்டு மெதுவாக நகரும். இது பாய்ந்தது.

வாசலோரப் பூக்கடை அக்கா அவளைத் தோளோடு பிடித்து இழுத்தார். நான் பிரேக் பிடித்து நின்றபோது, முன்சக்கரத்தின் அடியில் அவள் முந்தானை சிக்கியிருந்தது. எலுமிச்சம்பழம் ஓரமாக, முழுசாகக் கிடந்தது.

"கண்ண எங்க வச்சிருக்கீங்க அண்ணே? இது மோட்டாரு லா, வெளையாட்டுச் சாமானா?" என்று அக்கா கத்தினார்.

மோட்டாரைப் பின்னால் தள்ளி முந்தானையை விடுவித்தேன். ஆனாலும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அந்தப் பாய்ச்சல் எனக்குப் பிடித்திருந்தது. அதை மனைவி என் முகத்தில் பார்த்துவிட்டாள் என்று நினைக்கிறேன். இப்போதும் காலையில் நான் சாவியைத் திருப்பினால், வாசலில் நிற்பவள் தன்னையறியாமல் ஓரடி பின்னால் போகிறாள்.