சிங்கப்பெருமாளைக் கூப்பிட்ட பொண்ணு

போன வருஷம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட சமயம். படூரில் ஒரு அடுக்குமாடிக் கட்டடம், அதில் ஒன்பதாவது மாடி. ஒரு பச்சைக் குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிவிட நான் தினமும் கோவளத்திலிருந்து பஸ் ஏறி அங்கே போய்க்கொண்டிருந்தேன்.

இதுதான் நாற்பது வருஷமாக என் வேலை. கோவளம், கேளம்பாக்கம், திருப்போரூர் என்று எந்தப் பக்கம் கேட்டாலும் என்னைத் தெரியும். என் கால்மேல் படுத்த குழந்தை தண்ணீர் ஊற்றி முடிக்கிறதுக்குள் சொக்கிப்போகும். துடைத்து, சாம்பிராணி காட்டி, தூளியில் போட்டு நாலு ஆட்டு ஆட்டினால் மத்தியானம் வரைக்கும் எழுந்திருக்காது. அந்தப் பேரை நான் சும்மா வாங்கவில்லை.

அந்த வீட்டில் ஒரு பொண்ணும் அவளுடைய ரெண்டு மாசப் பையனும் மட்டும்தான். புருஷனுக்கு வெளிநாட்டில் வேலை. பிரசவத்துக்கு வந்தவன் பத்து நாளில் திரும்பிப் போய்விட்டான். அவளுக்குத் தாய் இல்லை. செங்கல்பட்டில் அப்பா மட்டும் இருந்தார். மாமியார் இருந்தது அணுபுரத்தில். மாமனார் இன்னும் வேலைக்குப் போவதால் அந்த அம்மாவால் இங்கே வந்து தங்க முடியவில்லை. என்னை வேலைக்கு வைத்ததே அவர்தான். "தினமும் ஒரு போன் போட்டு, எப்படி இருக்காங்கன்னு சொல்லிடும்மா" என்று கேட்டுக்கொண்டார்.

முதல் நாளே அந்தப் பொண்ணு என் வாயை அடைத்தாள். சாம்பிராணி வேண்டாமாம். தூளி வேண்டாமாம். ஆட்டவே கூடாதாம்.

"இன்னா பொண்ணு, தூளி இல்லாம கொயந்த எப்பிடித் தூங்கும்?"

"நான் தூங்க வெச்சுக்கிறேன் ஆயாம்மா. நீங்க குளிப்பாட்டி மட்டும் குடுங்க."

மட்டும்! அந்த ஒரு வார்த்தை எனக்குச் சுருக்கென்று தைத்தது.

குளிப்பாட்டிக் கொடுத்ததும் பால் கொடுப்பாள். மணி பத்தரை ஆனால் உள்ளே போய்த் திரையை இழுத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொள்வாள். நான் வெளியே துணி மடித்துக்கொண்டிருப்பேன். பேச்சுத்துணைக்கு ஆள் இல்லை. லிஃப்ட் ஏறி இறங்குகிற சத்தம்தான். எதிர் வீட்டு அம்மா எப்போதாவது வந்து, பையன் எப்படி இருக்கிறான் என்று கேட்டு ரெண்டு நிமிஷம் நின்றுவிட்டுப் போவார். அந்தப் பொண்ணு முகத்தில் சிரிப்பைப் பார்த்தால் அப்போது பார்த்ததுதான்.

நாலாம் நாள் உள்ளேயிருந்து முணுமுணுப்பு கேட்டது. போனில் பேசுகிறாள் என்று நினைத்தேன். ஆனால் போன் வெளியே மேஜைமேல் கிடந்தது. கதவில் காதை வைத்தேன், சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஏற்ற இறக்கம் இல்லாத ஒரே குரல். அதில் "சிங்கப்பெருமாள்" என்பது மட்டும் தெளிவாக விழுந்தது. மறுநாளும் அதே. அதற்கு மறுநாளும் அதே.

இருட்டறை, தனியாக ஒரு பிள்ளை பெற்றவள், வாயில் உக்கிரமான சாமி பேர். என் புத்தி வேறு எங்கே போகும்? 'மட்டும்' என்று சொன்ன கோபமும் உள்ளே கிடந்தது. மாமியாருக்குப் போன் போட்டேன்.

"அம்மா, ஒங்க மருமவ தனியா பேசிக்கினு கீது. சிங்கப்பெருமாளக் கூப்புட்டுக்கினே கீது. காத்து கருப்பு பட்டுச்சோ இன்னாவோ, எனக்கு பயமா கீதும்மா."

மறுநாள் காலையில் அந்த அம்மா ஒரு பெரிய காலிப் பையோடு வந்து நின்றார்.

"உனக்கு உடம்பு சரியில்ல. கொஞ்ச நாள் உங்க அப்பா வீட்ல போய் இரு. குழந்தைய நான் அணுபுரம் கொண்டுபோறேன். புட்டிப்பால் பழகிக்குவான்."

அந்தப் பொண்ணுக்கு முகம் வெளுத்துப்போனது. "எனக்கு ஒண்ணும் இல்லையே அத்தை. யார் சொன்னாங்க?"

"அக்கம்பக்கத்துல சொன்னாங்க."

அந்த அம்மா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நான் எண்ணெய்க் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எதிர் வீட்டு ஆன்ட்டியா? அவங்ககிட்ட மட்டுந்தான் நான் பேசுவேன். இனிமே அவங்களுக்குக் கதவத் தொறக்க மாட்டேன்" என்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

இந்தப் பேச்சில் பத்தரை தாண்டிவிட்டது. குழந்தை வீறிட்டது. மாமியார் தோளில் போட்டுத் தட்டினார், அடங்கவில்லை. நான் வாங்கிக் கால்மேல் போட்டு ஆட்டினேன், எனக்குத் தெரிந்த பாட்டையெல்லாம் பாடினேன். அது முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு கத்தியது. நாற்பது வருஷக் கை என்று அதற்குத் தெரியுமா?

"குடுங்க" என்று வாங்கிக்கொண்டாள் அந்தப் பொண்ணு. அன்றைக்குக் கதவைச் சாத்தவில்லை. திரையை இழுத்தாள். குழந்தையை மல்லாத்திப் படுக்க வைத்து, நெஞ்சில் லேசாகக் கையை வைத்தாள்.

"செங்கல்பட்டு... பரனூர்... சிங்கப்பெருமாள் கோயில்... மறைமலைநகர்... காட்டாங்கொளத்தூர்... பொத்தேரி..."

நானும் மாமியாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கூடுவாஞ்சேரியில் அழுகை நின்றது. வண்டலூரில் கண் செருகியது. பெருங்களத்தூருக்கு மூச்சு சீராக வந்தது. அவள் தாம்பரம் வரைக்கும் சொல்லிவிட்டுத்தான் எழுந்தாள்.

கல்யாணத்துக்கு முந்தி ஆறு வருஷம் செங்கல்பட்டிலிருந்து தாம்பரத்துக்கு எலெக்ட்ரிக் ட்ரெயினில் வேலைக்குப் போனவளாம். "எனக்குத் தாலாட்டு சொல்லிக்குடுக்க யாரும் இல்ல அத்தை. போன்ல பாட்டுப் போட்டேன், இன்னும் அழுதான். ஒருநாள் என்ன பண்றதுன்னு தெரியாம வாய்க்கு வந்த ஸ்டேஷன் பேரையெல்லாம் சொன்னேன், தூங்கிட்டான். அதுலேர்ந்து அதே நேரம், அதே வரிசை."

மாமியார் தூங்குகிற பேரனைக் குனிந்து பார்த்தார். அப்புறம், "என் பேரன் டிக்கெட் எடுக்காமயே தினம் தாம்பரம் போறானா?" என்றார். மருமகள் அழுதுகொண்டே சிரித்தாள். சாயங்காலம் அந்தப் பை காலியாகவே அணுபுரம் திரும்பிப் போனது.

நான் பிறந்ததிலிருந்து கடற்கரை ரோட்டில் பஸ்ஸில் போகிறவள். அந்த ரயிலில் ஒருநாளும் ஏறினதில்லை, அது ஸ்டேஷன் பேர் என்று எனக்கு எப்படித் தெரியும்? அதைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன். ஆனால் பழி எதிர் வீட்டு அம்மாமேல் கிடந்ததே.

சுனாமிக்கு அப்புறம் எங்களுக்குக் கட்டிக்கொடுத்த வீட்டில் நான் ஒருத்திதான். புருஷன் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. அன்றைக்குச் சாயங்காலம் உலை வைத்தேன். "இன்னாத்துக்கு இம்மா நேரம் பண்ற? வாயத் தொறந்து கொதியேன்" என்று பானையோடு சண்டை போட்ட குரல் என் காதிலேயே விழுந்தது. கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். ஒன்பது வருஷமாக நானும் இப்படித்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். கேட்கத்தான் கதவுக்கு வெளியே யாரும் இல்லை.

மறுநாள் உள்ளே நுழைந்ததும் சொன்னேன். "எதிர் வூட்டம்மா இல்ல பொண்ணு. போன் போட்டது நான்தான்."

இந்த வாயால் நான் யாரிடமும் தப்பு என்று ஒத்துக்கொண்டதில்லை. வேலை போனால் போகட்டும் என்று நின்றேன். அவள் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குத் திட்டியிருந்தாலே தேவலை. பிறகு போய் எதிர் வீட்டுக் கதவைத் தட்டினாள். என்ன பேசினாள் என்று எனக்குத் தெரியாது, இந்தத் தடவை நான் காது கொடுக்கவில்லை. திரும்பி வந்து குழந்தையை என் கால்மேல் கிடத்தினாள்.

"தண்ணி ஆறுது ஆயாம்மா."

அவ்வளவுதான். பையனுக்கு அஞ்சு மாசம் ஆகிறவரை போனேன். அதற்குள் அவன் புருவம் பார்த்தே தூக்கம் வருவதைச் சொல்லிவிடுவாள், நான் பேசாமல் தள்ளி உட்காருவேன்.

இப்போதும் வேறு வீடுகளுக்குப் போகிறேன். சாத்தின கதவுக்குள்ளே ஒரு பொம்பளை தனியாகப் பேசுகிற சத்தம் கேட்டால், யாருக்கும் போன் போடுவதில்லை, கதவைத் தட்டி, "நானும் கொஞ்ச நேரம் ஒக்காந்துக்கட்டுமா?" என்று கேட்கிறேன்.