புதுப் பாலத்தில் ஒரு திங்கட்கிழமை

எத்தனை தரம் சவர்க்காரம் போட்டாலும் கையில் இருந்து மட்டி மணம் போகாது…

பரிஸில் ஒரு ரெஸ்ரோறண்டில் கோப்பை கழுவிய காலம் அது. தின்று முடித்த மட்டி ஓடுகள் சட்டி சட்டியாக வந்துகொண்டே இருக்கும். திங்கட்கிழமை மட்டும் லீவு.

லாச்சப்பல் பக்கம், ஐந்தாம் மாடி, ஒரே அறையில் நான்கு பேர். நான் யாழ்ப்பாணம். குகன் மட்டக்களப்பு. இரண்டு பேருக்கும் இருபத்துமூன்று வயது. இரண்டு பேருடைய அகதிக் கேசும் முடியவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிற ஒரு பேப்பரை நம்பித்தான் இருந்தோம்.

லீவு நாளில் மற்ற இருவரும் நித்திரை கொள்வார்கள். குகனுக்கு நடக்க வேண்டும். ஆற்றங்கரையில் பழைய புத்தகம் விற்பவரிடம் ஒரு வரைபடப் புத்தகம் வாங்கி வைத்திருந்தான். பரிஸுக்கு இருபது வட்டாரங்கள். நத்தை ஓடு போல நடுவில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி வெளியே போகும். திங்களுக்கு ஒரு வட்டாரம் என்பது அவனுடைய திட்டம். துணைக்கு நான்.

பழைய வீட்டுச் சுவர்களில் கல் பதித்திருப்பார்கள். இந்த வீட்டில் இன்னார் வாழ்ந்தார், இங்கே இறந்தார் என்று. குகன் ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று, சின்ன அகராதியை விரித்து, சொல் சொல்லாக வாசிப்பான். அவன் பிரெஞ்சு படித்தது அப்படித்தான்.

செத்தவனுடைய விலாசம் எங்களுக்கு எதற்கு என்று ஒருநாள் கேட்டேன்.

"இருக்கிற ஊரைத் தெரியாம எப்பிடி மச்சான் இருக்கிற?" என்றான்.

பஸ்ரீல் சிறையைத் தேடிப் போனோம். அங்கே சிறை இல்லை. ஒரு தூணும் வாகன நெரிசலும்தான். ஜனங்கள் அதை எப்போதோ இடித்துவிட்டார்கள், அந்தக் கல்லில் கொஞ்சத்தை ஒரு பாலம் கட்ட எடுத்தார்கள் என்று குகன் வாசித்துச் சொன்னான். எனக்குக் கால் நோவு. நான் பார்த்ததெல்லாம் எந்த மெட்ரோ வாசலில் பொலிஸ் நிற்கிறது என்பதைத்தான்.

ஒரு திங்கள் போன் நெஃப் பாலத்துக்குப் போனோம். பெயருக்கு அர்த்தம் புதுப் பாலம். ஆனால் ஆற்றின் மேல் இருக்கிற பாலங்களில் அதுதான் ஆகப் பழையது. குகன் எதையோ வாசிக்கக் குனிந்தான். நான் பத்தடி முன்னால் போய்விட்டேன்.

திரும்பிப் பார்த்தபோது இரண்டு பொலிஸார் அவனிடம் பேப்பர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவனுடைய பேப்பர் முடிந்து நாலு நாள். புதுப்பிக்கத் தேதி கிடைக்கவில்லை. என்னுடையது சரியாக இருந்தது. இன்னும் இரண்டு கிழமை இருந்தது.

குகன் ஒருமுறை என்னைப் பார்த்தான். பிறகு கண்ணை எடுத்துக்கொண்டான்.

நான் நடந்தேன். பாலம் முடிந்து, மெட்ரோ எடுத்து, அறைக்கு வந்து சோறு போட்டேன். பழக்கத்தில் நாலு பேருக்குப் போட்டுவிட்டேன்.

அடுத்தநாள் பின்னேரம் அவன் வந்தான். விட்டுவிட்டார்கள் என்று மட்டும் சொன்னான். நானும் அங்கே நின்றதை அவன் அறையில் ஒருவருக்கும் சொல்லவில்லை.

அடுத்த திங்கள் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, "வாறியா?" என்று கேட்டான். தலையிடி என்றேன். அதற்கடுத்த திங்கள் அவன் கேட்கவில்லை.

சில மாதத்தில் அக்கா வழியாக நான் ரொறன்ரோ வந்துவிட்டேன்.

போன கோடையில் மகள் பரிஸ் பார்க்க வேண்டும் என்றாள். குகனுக்கு போன் எடுத்துச் சொல்லிவிட்டு, மனைவி, மகளோடு போனேன். அவன் இப்போது அங்கே டாக்சி ஓடுகிறான். மூன்று நாள் லீவு போட்டு வந்தான். காரில் ஏற்றவில்லை, நடத்தித்தான் கூட்டிப்போனான். "அங்கிள், திஸ் வன் என்ன?" என்று மகள் கேட்கக் கேட்க, அவன் ஒவ்வொரு மூலைக்கும் ஒரு கதை வைத்திருந்தான்.

போன் நெஃப்பிலும் சொன்னான், பழைய பாலத்துக்குப் புதுப் பாலம் என்று பெயர் வந்த கதையை. மனைவியும் மகளும் படம் எடுக்க முன்னால் போனார்கள்.

"அண்டைக்கு நான் திரும்பி வந்திருக்கவேணும், குகன்" என்றேன்.



"ஓம். வந்திருக்கலாம். ஆனா அது பயம், எனக்கு விளங்கினது. அடுத்த திங்கள் கூப்பிட்டன். நீ வரல்ல. அதுதான் மச்சான் எனக்குக் கனகாலம் மனச விட்டுப் போகல்ல."

மகள் கூப்பிட்டாள், போனோம். மிச்ச வட்டாரம் எல்லாவற்றையும் தனியாகவே நடந்து முடித்ததாக வழியில் சொன்னான்.

இப்போது ரொறன்ரோவுக்கு வெளியே அஜக்ஸில் இருந்து தினமும் ரெயினில் டவுன்ரவுன் போய் வருகிறேன். என் பேப்பரை யாரும் கேட்பதில்லை. எங்கேயும் நின்று எதையும் வாசிக்கலாம்… நேரம்தான் இல்லை என்று சொல்லிக்கொள்கிறேன்.

வந்த புதிதில் ஏழு வருடம் ரொறன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுண் குடியிருப்பில் இருந்தேன். அந்த ஜேம்ஸ் யார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.