தையல்காரர் நாயைப் பழக்கிய விதம்

எங்கள் தெருத் தையல்காரர் ஆசை ஆசையாக ஒரு வேட்டை நாய் வாங்கினார். அந்த ரகம் யார் பேச்சையும் சட்டை செய்யாது. வெட்டி வைத்த துணிமேல் படுத்துக்கொள்ளும்; கூப்பிட்டால் கொட்டாவி விடும்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள சொன்ன பேச்சு கேக்கணும். இல்லன்னா வாங்கின இடத்துலயே விட்டுட்டு வந்துடுங்க" என்றார் அவர் மனைவி.

மனிதர் ஊசியைக் கீழே போட்டுவிட்டு ஆறு நாள் நாயையே உற்றுப் பார்த்தார். ஞாயிறன்று மனைவியை உட்காரவைத்து வித்தை காட்டினார். பட்டன் வைக்கப் போன நானும் பார்த்தேன். நாய் பின்காலை மடக்கியது. "உக்காரு!" என்றார், உட்கார்ந்தது. முன்காலை நீட்டியது. "படு!" என்றார், படுத்தது. எழுந்து வாசலைப் பார்த்தது. "வெளிய போ!" என்றார், ராஜநடை போட்டுப் போயிற்று.

மனைவி விழுந்து விழுந்து சிரித்தார்.

"அது செய்யப்போறதப் பாத்துட்டு உத்தரவு போடுறீங்களா? இருபது வருஷமா உங்கள நான் இப்படித்தாங்க மேய்க்கிறேன்! நாய் இருந்துட்டுப் போகட்டும்."