ஒரு பூட்ஸைக் கழற்றியவள்

துபாய்க்கு அந்தப் பக்கம் ராஸ் அல் கைமாவில் டைல்ஸ் கம்பெனியில் எனக்கு வேலை. ஏதோ ஒரு ஓட்டலைக் காலி செய்தபோது வெளியே போட்ட பழைய படத்தை, என் மேல்கட்டில்காரன் கேம்ப்புக்குத் தூக்கிவந்து என் தலைமாட்டுச் சுவரில் மாட்டினான். கௌபாய் தொப்பியும் அரை டவுசருமாக ஒரு வெள்ளைக்காரப் பெண் வேலிமேல் உட்கார்ந்து, ஒரு பூட்ஸைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சிரிக்கிறாள். அந்தக் காலத்தில் காலண்டருக்கு வரைந்ததாம்.

"குதிர ஓடிப்போச்சு, அதான் உக்காந்திருக்கு" என்றான் அவன். "யாரோ பாக்குறாங்கன்னு தெரிஞ்சே சிரிக்குது மாப்ள" என்றான் இன்னொருவன். வேலையத்த பயல்கள். வெள்ளிக்கிழமை வீடியோ காலில் என் பெண்டாட்டி பார்த்தால் நான் தொலைந்தேன். போன் பேசும்போதெல்லாம் அதன்மேல் துண்டைப் போட்டு மூடினேன்.

அதைவிடப் பெரிய பயம் போர்வைக்குள் இருந்தது. சேஃப்டி ஷூ கடித்துக் குதிகால் புண்ணாகி ஆறவே இல்லை. எனக்குச் சர்க்கரை வேறு. என் பெண்டாட்டியின் அப்பாவுக்கு இப்படித்தான் தொடங்கிக் கடைசியில் காலையே எடுத்தார்கள். சொன்னால், கிளம்பி வாங்க என்று உயிரை எடுப்பாள். சின்னவள் படிப்பு முடியாமல் நான் எங்கே கிளம்புவது?

ஒரு வெள்ளிக்கிழமை, பேசிக்கொண்டிருக்கும்போதே துண்டு நழுவி விழுந்தது.

"யாருங்க அது?"

"அட, பழைய படம். நான் மாட்டல."

"தள்ளி உக்காருங்க, பாக்கணும்."

போனைக் கண்ணருகே வைத்து நெடுநேரம் பார்த்தாள்.

"பாவம்ங்க. இது சிரிப்பா? பல்லக் கடிச்சிக்கிட்டு இருக்கு அந்தப் புள்ள. குதிகாலப் பாருங்க, செவந்து கெடக்கு. செருப்பு கடிச்சிருக்கு. படம் போடுறவன் சிரின்னு சொல்லியிருப்பான்."

தினமும் அதன் கீழேதான் படுக்கிறேன். நாங்கள் யாரும் அந்தக் காலைப் பார்க்கவே இல்லை.

"ஏங்க, உங்க காலக் காட்டுங்க."

"இப்ப எதுக்கு?"

"நீங்களும் சிரிச்சிக்கிட்டேதான் இருக்கீங்க. காட்டுங்க."

போர்வையை விலக்கிக் காட்டினேன். கத்துவாள் என்று நினைத்தேன். அவள் சத்தமில்லாமல் அழுதாள். "நான் மொகத்த மட்டுமே பாத்து ஏமாந்துட்டேனே" என்றாள். எனக்கும் தாங்கவில்லை. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

புண் ஆறிவிட்டது. ஆனாலும் வெள்ளிக்கிழமை போனை எடுத்ததும் "காலு" என்கிறாள். இரண்டு காலையும் திருப்பித் திருப்பிப் பார்த்த பிறகுதான் என் முகத்தைப் பார்க்கிறாள்.