நாலு மணிக்குப் பேசுகிறவள்

எனக்கு ஆங்கிலம் தெரியாது. ஊரில் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. பிறகு படித்ததெல்லாம் இத்தாலியில், பலெர்மோ நகரத்தின் படிக்கட்டுகளைக் கழுவிக் கழுவிப் படித்ததுதான். ஆனால் அமெரிக்காவில் எங்கேயோ பிறந்த ஒரு கறுப்பினப் பெண்ணின் மூன்று இசைத்தட்டுகள், முன்பக்கமும் பின்பக்கமும், மூச்சு விடுகிற இடம் உட்பட எனக்குப் பாடம்.

போன கிழமை குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தபோது என்னை அறியாமல் வாய் ஓடியிருக்கிறது. பேத்தி வாசலில் வந்து நின்றாள்.

"அம்மம்மா, இது ராப்! உங்களுக்கு ஆர் சொல்லித் தந்தது?"

போனில் தேடிக் கண்டுபிடித்தும் விட்டாள். அந்தப் பெண் மொத்தமாக வெளியிட்டது மூன்றே மூன்று தட்டுத்தானாம். பிறகு என்ன ஆனாள் என்று ஒருத்தருக்கும் தெரியாதாம். படத்தையும் காட்டினாள். பெரிய வளையத் தோடு, மார்புக்குக் குறுக்கே கட்டிய கை. "மம்மா மியா, என்ரை அம்மம்மா ராப் பாடுறா!" என்று வீடு முழுக்கச் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆர் சொல்லித் தந்தது என்பதை மட்டும் சொல்லவில்லை. வாயால் சொல்லக் கூச்சம். எழுதினால் சொல்லிவிடலாம் போல இருக்கிறது.

பதினொரு வயதில் என்னை மாமி இங்கே கூட்டிக்கொண்டு வந்தார். மாமி என்றால் அப்பாவின் தங்கை. பலெர்மோவின் கால்சா பகுதியில், சாந்து உதிர்ந்த பெரிய மாளிகை ஒன்றின் மூன்றாம் மாடியில் தனியாக இருந்த ஒரு வயதான சினியோராவின், அதாவது இத்தாலிய அம்மாவின், வீட்டில் மாமி தங்கி வேலை செய்தார். தங்குவதற்கு ஓர் ஆளுக்குத்தான் பேச்சு. என்னைப் பற்றி மாமி மூச்சு விடவில்லை. இந்த நாட்டில் இருக்க விடுகிற பெர்மெசோ என்கிற அந்தக் காகிதம் என் பெயருக்கு வரும்வரை, குசினிக்குப் பின்னால் துணி மினுக்கி மடிக்கிற சின்ன அறையில் என்னை ஒளித்து வைத்தார்.

"செருப்புப் போடாதை. இருமல் வந்தால் தலையணையைக் கடி. மனிசி உன்னைக் கண்டால் ரெண்டு பேருக்கும் தெருதான், விளங்குதோ?"

விளங்கியது. இன்னொன்றும் சொல்லித் தந்தார். தப்பித் தவறி ஆராவது கண்டு ஏதாவது கேட்டால் "சி" என்று சொல்ல வேண்டும். சி என்றால் ஓம், ஆமாம் என்று அர்த்தம். "ஓம் எண்டு சொல்லுற ஆக்களிலை இவையளுக்குக் கோவம் வராது" என்றார் மாமி. என்னுடைய முழு இத்தாலியனும் அன்றைக்கு அவ்வளவுதான்.

பின்னேரம் மூன்று மணிக்கு மாமி அடுத்த கட்டடத்துப் படிகளைக் கழுவப் போய் ஐந்து மணிக்குத்தான் வருவார். அந்த இரண்டு மணித்தியாலமும் சினியோரா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நடுவில் சுவர். என் அறையிலிருந்து பக்கத்து அறைக்கு ஒரு பழைய கதவு இருந்தது. பூட்டி, சாவியும் தொலைந்த கதவு. நான் வந்த முதல் நாளே, நாலு மணி அடித்ததும், அந்தக் கதவுக்குப் பின்னால் ஒருத்தி பேசத் தொடங்கினாள்.

பாட்டு இல்லை, ராகம் இல்லை. யாரோ கதவை உள்ளேயிருந்து அடிப்பது போல டும் டும் என்று ஓர் அடி. அதற்கு மேலே அவள், கோபமும் நக்கலுமாக, ஆரையோ முன்னால் நிறுத்தி வைத்து ஏசுகிற மாதிரி. அடுத்த நாளும் அதே நேரம், அதே ஏச்சு, அதே இடத்தில் அதே மூச்சு. உயிருள்ள மனுசி ஒருத்தி இரண்டு நாளும் ஒரு சொல் பிசகாமல் ஏசமாட்டாள் என்று எனக்குத் தெரியும். எங்கள் ஊர் ஒழுங்கையில் நன்றாக ஏசக்கூடியவர்கள் இருந்தார்கள்.

"பக்கத்து அறையிலை ஆர் மாமி?"

"ஒருத்தரும் இல்லை. மனிசியின்ரை மகன்ரை அறை. அவன் போன வருசம் மோட்டார் சைக்கிளிலை போய்ச் செத்துப் போட்டான். நான் தினமும் காலமை கூட்டுறனான், கட்டிலும் மேசையும்தான் கிடக்கு."

நாலு மணிக்கு மாமி ஒருநாளும் அந்த வீட்டில் இருந்ததில்லை. ஆகவே அவர் சொன்னது உண்மைதான். அந்த உண்மை என்னை இன்னும் பயப்படுத்தியது.

இலங்கையில், எங்கள் பக்கத்து மடு மாதா கோயில் திருநாளில் பேய் பிடித்த பெண்களை நான் கண்டிருக்கிறேன். தலையை விரித்துப் போட்டு, தாங்கள் ஒருநாளும் படிக்காத பாஷையில் படபடவென்று பேசுவார்கள். இதுவும் அதேதான் என்று முடிவுக்கு வந்தேன். நல்லவேளையாக மருந்து என்னிடம் இருந்தது. புறப்படும்போது அம்மா ஒரு சின்னத் துணிமுடிச்சில் மடு மண் கட்டித் தந்திருந்தார். பாம்புக்கும் பேய்க்கும் மடு மண் போதும் என்பது எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும்.

மூன்று நாலு கிழமை கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமி சினியோராவைக் கையில் பிடித்துப் பூசைக்குக் கூட்டிக்கொண்டு போனார். நான் வெறுங்காலோடு நடந்து போய் அந்த அறைக்குள் நுழைந்தேன். கட்டில் விரித்திருந்தது. மேசையில் ஒரு துணி மூடிய பெட்டி. துணியைத் தூக்கினேன். கறுத்த தட்டு ஒன்று. பக்கத்தில் மூன்று மட்டை உறைகள். மூன்றிலும் ஒரே பெண், கை கட்டியபடி, என்னையே பார்த்துக்கொண்டு. ரெக்கோட் தட்டு எனக்குத் தெரியாத பொருள் அல்ல, எங்கள் கோயிலில் குழாய் கட்டிப் போடுவார்கள். ஆனால் அந்தத் தட்டுகளில் இருந்தவர்கள் பாடினார்கள், ஏசவில்லை. அப்படியென்றால் இந்தப் பெண்ணைப் பிடித்த பேயைத்தான் ஆரோ தட்டில் அடைத்து வைத்திருக்கிறார்கள். மூன்று தட்டுகளுக்கும் இரண்டு பக்கமும், அருள் நிறைந்த மரியே சொல்லிச் சொல்லி, மண்ணைத் தூவி நன்றாகத் தேய்த்தேன். மிச்சத்தைப் பெட்டிக்குள் கொட்டினேன்.

திங்கட்கிழமை நாலு மணிக்கு அவள் தொடங்கினாள். பல்லுக்குள் மண் அகப்பட்டவள் போல நறநறத்தாள். பிறகு அரைச் சொல் ஒன்றில் சிக்கி, அதையே திரும்பத் திரும்ப, திரும்பத் திரும்பச் சொல்லி, ஒரு கீச்சுச் சத்தத்தோடு நின்றுபோனாள். நான் சிலுவை போட்டுக்கொண்டேன்.

அன்று குசினியில் சினியோரா கத்தினார். அழுதார். பிறகு மாமி என் அறைக்குள் வந்து, சத்தம் வெளியே போகாமல் பல்லைக் கடித்துக்கொண்டு ஏசினார்.

"மடு மாதாவின்ரை மண்ணைத் தட்டிலை கொட்டச் சொல்லி ஆரடி உனக்குச் சொன்னது? அது பேயில்லை, ரெக்கோட்! அந்தப் பெடியன் ரேடியோவிலை போடுறதுக்கு எண்டு அமெரிக்காவிலையிருந்து எடுப்பிச்சு வச்சிருந்ததாம். மனிசி பின்னேரத்திலை அதைக் கேட்டுத்தான் உயிரோடை இருக்குது!"

ஊசி உடைந்துவிட்டது. மூன்று தட்டும் கீறிப் போனது. தூசி தட்டும்போது தான்தான் கெடுத்ததாக மாமி பழியை ஏற்றுக்கொண்டிருந்தார். மாதம் முடியப் புறப்படச் சொல்லிவிட்டாராம் சினியோரா. பதினொரு நாள் இருந்தது. காகிதம் இல்லாத பிள்ளையோடு எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது என்று மாமி சுவரைப் பார்த்துக் கேட்டார்.

அடுத்த நாள் மாமி படி கழுவப் போன பிறகு, நாலு மணிக்கு, கதவுக்குப் பின்னால் அவள் பேசினாள்.

டும் டும் இல்லை. குரல் கிழடு தட்டிக் கரகரத்திருந்தது. ஆனால் அதே ஏச்சு, அதே வேகம், அதே இடத்தில் மூச்சு. சாவித் துவாரத்தால் பார்த்தேன். சினியோரா கட்டிலின் விளிம்பில் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். முழங்காலில் உள்ளங்கையால் தாளம் போட்டபடி, அமெரிக்கக்காரியின் கோபத்தை ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கும் ஆங்கிலம் தெரியாது. தட்டிலிருந்து துரத்திய பேயை இந்த மனுசிக்குள் அனுப்பிவிட்டேன் என்று நினைத்தேன்.

ஓரிடத்தில் அவர் நின்றார். முதலில் இருந்து தொடங்கி, திரும்பவும் அதே இடத்தில் நின்றார். அடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாளும். மூன்றாம் நாள் அவர் நின்றபோது, அதற்கு அடுத்த வரி என் வாய்க்குள் நிறைந்து நின்றது. மாமி சொன்னதெல்லாம் நினைவில் இருந்தது. தெருவும் நினைவில் இருந்தது. ஆனாலும் சொல்லிவிட்டேன். என்னுடைய குரல் இல்லை அது. தட்டில் கேட்ட அந்தத் தடித்த குரல் எனக்குள்ளிருந்து வந்தது.

நான் தலையணையைக் கடித்துக்கொண்டு, கதவு திறக்கும் என்று காத்திருந்தேன். ஒருத்தரும் வரவில்லை. கொஞ்ச நேரம் போக, நான் விட்ட இடத்திலிருந்து சினியோரா தொடர்ந்தார்.

பிறகு ஒவ்வொரு நாளும் அப்படித்தான். அவர் அந்த இடத்தில் நிற்பார், நான் சொல்லுவேன், அவர் தொடருவார். ஐந்தாறு நாள் போயிருக்கும். எல்லாம் சொல்லி முடிந்த பிறகு, கதவுக்கு மிகக் கிட்டே, மரத்தில் வாயை வைத்துப் பேசுவது போல, ஒரு ஆண்பிள்ளைப் பெயரைச் சொன்னார். பிறகு, "சேய் தூ?" என்றார்.

கேட்கிறார் என்று மட்டும் விளங்கியது. மாமி பழக்கியபடி நான் சொன்னேன்.

"சி."

கதவில் ஏதோ மெதுவாக உரசியது. அவருடைய கன்னம் என்று இப்போது நினைக்கிறேன்.

மாத முடிவில் மாமி பெட்டி கட்டினார். சினியோரா கட்டவிடவில்லை. "இந்த வீட்டிலை இனி ஒண்டும் மாறக்கூடாதாம்" என்று மாமி ஆச்சரியப்பட்டு, அந்தோனியாருக்கு இரண்டு மெழுகுதிரி கொளுத்தினார். படிக்காத பாஷை என் வாயிலும் வந்துவிட்டது. பேய் கடைசியில் என்னிடம்தான் வந்திருக்கிறது, மாமிக்குத் தெரிந்தால் மடுவுக்கே திருப்பி அனுப்பிவிடுவார் என்று பயந்தேன்.

வெயில் ஏறத் தொடங்கிய மாதத்தில் என் பெர்மெசோ வந்தது. பலாரோ சந்தைக்குப் பக்கத்தில் மாமி ஒரு அறை பார்த்தார். தனியாக இருக்கப்போகிற மனுசியை நினைத்து மாமிக்குக் கவலையாக இருந்தது. சினியோரா சிரித்தாராம். "போயிட்டு வா, நான் தனிய இல்லை" என்று இரண்டு கன்னத்திலும் கொஞ்சினாராம். "மனிசிக்கு மூளை கொஞ்சம் தட்டியிருக்கு" என்றார் மாமி. நான் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு காலில் செருப்பு. குசினிப் பக்கத்துப் படிகளில் டப்டப்பென்று, வாய்விட்டுக் கத்திக்கொண்டு, பட்டப்பகலில் தெருவுக்கு இறங்கினேன்.

நாலைந்து வருடம் கழித்து ஒரு வீட்டில் பிள்ளை பார்க்கிற வேலைக்குப் போனேன். பள்ளிக்கூடம் விட்டு வந்த மகன் வாசல் மணியை அடித்தான். தாய் கதவைத் திறக்கும் முன்னம், உள்ளேயிருந்து, கதவில் வாயை வைத்துக் கேட்டாள்: "சேய் தூ?" நீதானா?

"சி, மம்மா" என்றான் அவன்.

நான் இறங்கிப்போன அன்றைக்கும் சினியோரா நாலு மணிக்கு அந்த அறைக்குப் போயிருப்பார். எந்த இடத்தில் நிறுத்தினார் என்று எனக்குத் தெரியும். எவ்வளவு நேரம் நிறுத்தினார் என்றுதான் தெரியாது.